பெட்ரோல் எங்கே நிற்கிறது? பழைய காரில் எரிபொருள் வரத்துக் கோளாறைப் பிடிப்பது

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கார் மேடு ஏறும்போது திணறுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இழுவை குறைகிறது. ஓரங்கட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. இந்த இடத்தில் பலரும் முதலில் பம்பை மாற்றுவார்கள். சரியாகாவிட்டால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றுவார்கள். இரண்டும் செய்த பிறகும் வண்டி அதே மேட்டில் திணறும். கோளாறு டேங்க் மூடியின் காற்றுத் துளையில் இருந்திருக்கும். செலவே இல்லாமல் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

பெட்ரோல் வரத்தும் வாய்க்கால் பாசனமும் ஒரே கணக்குதான். தலைமடையில் நீர் இருந்தும் கடைமடை காய்கிறது என்றால், கரையோடு நடந்து அடைப்பைத் தேட வேண்டும். காரில் அப்படி நடந்து பார்க்க எட்டு, பத்து இடங்கள்தான் இருக்கின்றன. அதற்கு முன் ஒரு தெளிவு வேண்டும்: அழுத்தம் வேறு, அளவு வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல பம்புகள் பல குப்பைக்குப் போகின்றன.

போகும் வழி

கார்புரேட்டர் வைத்த காரை எடுத்துக்கொள்வோம். டேங்கின் அடிவரை இறங்கும் ஓர் உறிஞ்சுகுழாய், அதன் நுனியில் வலை. அங்கிருந்து உலோகக் குழாய் காரின் அடிப்பக்கமாக முன்னே வருகிறது. டேங்கை ஒட்டியும் இன்ஜினை ஒட்டியும், அதிர்வு தாங்க வேண்டிய இடங்களில் ரப்பர் ஹோஸ். வழியில் எங்கோ ஒரு ஃபில்டர். பிறகு இன்ஜின் பக்கவாட்டில் மெக்கானிக்கல் பம்ப். கேம் ஷாஃப்டில் உள்ள புடைப்பு பம்பின் நெம்புகோலைத் தள்ள, நெம்புகோல் உள்ளே இருக்கும் டயாஃப்ரத்தை, அதாவது வளையும் சவ்வை, இழுக்கும். அப்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். ஸ்பிரிங் டயாஃப்ரத்தைத் திருப்பித் தள்ளும்போது அது கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டருக்குள் ஒரு சின்னத் தொட்டி, அதில் ஒரு மிதவை. மட்டம் ஏறினால் மிதவை பெட்ரோல் வரும் வாயில் உள்ள ஊசிமுனை வால்வை, அதாவது நீடில் வால்வை, மூடும்; இறங்கினால் திறக்கும்.

பம்புக்கு முன்னால் இருப்பதெல்லாம் உறிஞ்சும் பக்கம், பின்னால் இருப்பதெல்லாம் தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும், கண்ணில் படும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் வண்டி ஓடும்போது காற்று உள்ளே போகும். பெரும்பாலும் ஒரு சொட்டுகூட வெளியே தெரியாது. மண்டையைக் குடையும் கோளாறுகள் அனேகமாக இந்தப் பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

கை வைக்கும் முன்

மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பெட்ரோலிலிருந்து தீப்பற்றும் ஆவி வரும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு வேலை செய்யுங்கள். பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடாகும் குண்டு பல்பு வேண்டாம், எல்இடி டார்ச் போதும். குழாயை வாயால் உறிஞ்சிப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் போகும் கொஞ்சம் பெட்ரோலே ஆளைப் படுக்கவைத்துவிடும்.

இன்னொன்று அதிகம் பேர் கவனிக்காதது. ஹோஸைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்துப் பார்க்கும் சோதனைகளில் இன்ஜின் கிளம்பாமல் இருக்க வேண்டும். அதற்காக, ஸ்பார்க் பிளக்கின் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலின் தடித்த ஒயரைப் பிடுங்கித் தொங்கவிடுகிறார்கள். அது பக்கத்தில் கிடைக்கும் உலோகத்துக்குத் தாவிப் பொறி அடிக்கும், அதுவும் திறந்த பெட்ரோலுக்கு அருகில். பிடுங்க வேண்டியது காயிலுக்குக் கரண்ட் கொண்டுவரும் மெல்லிய பாசிட்டிவ் ஒயரை.

உண்மையில் பெட்ரோல்தான் காரணமா?

முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். பழைய காரின் கேஜ் முள் கால் டேங்க் காட்டும்போது உள்ளே ஒன்றும் இல்லாமல் போவது சகஜம். ஐந்து லிட்டர் ஊற்றிவிட்டு அடுத்த வேலையைத் தொடங்கலாம்.

வண்டி நிற்கும் விதமும் பேசும். கரண்ட் கோளாறில் இன்ஜின் சாவியைத் திருப்பின மாதிரி சட்டென்று நிற்கும். பெட்ரோல் வராவிட்டால் அப்படியல்ல: முதலில் இழுவை குறையும், பிறகு திக்கும், கார்புரேட்டர் வழியாக ஒன்றிரண்டு தும்மல் போடும், கடைசியில் அணையும். நின்ற வண்டியில் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்து வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. ஈரமாக இருந்து பெட்ரோல் வாசம் அடித்தால், பெட்ரோல் வந்திருக்கிறது. எரியவில்லை, அல்லது அளவுக்கு மீறி வந்திருக்கிறது.

அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். இன்ஜினை அணைத்து ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். மேலே காற்று வழியை மறைக்கும் சோக் தகடு மூடியிருந்தால் விரலால் திறந்து பிடித்து, டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். இன்னொரு கையால், ஆக்சிலரேட்டர் மிதியோடு இணைந்த த்ராட்டில் நெம்புகோலை ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். மெல்லிய மூக்கு ஒன்றிலிருந்து தையல் நூல் தடிமனில் பெட்ரோல் நேர்கோடாகப் பாய்ந்து உள்சுவரில் பட வேண்டும். மிதிக்கும்போது இப்படிப் பெட்ரோல் பீய்ச்சும் சின்னப் பம்ப் (ஆக்சிலரேட்டர் பம்ப்) உள்ள கார்புரேட்டர் எல்லாவற்றிலும் இது தெரியும். கோடு திடமாகப் பாய்ந்தால் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது. ஒன்றும் வரவில்லை என்றால் தொட்டி காலி, அல்லது அந்தச் சின்னப் பம்பே கெட்டிருக்கிறது. வண்டி திணறி நின்ற உடனே, அந்த இடத்திலேயே இதைப் பார்ப்பதுதான் முக்கியம். பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் தடயம் அழிந்துவிடும்.

நின்ற உடனே கோடு நன்றாகப் பாய்கிறது, ஆனாலும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலை விட்டுவிட்டு காயிலைச் சந்தேகப்படுங்கள். சூடானால் செத்து, ஆறினால் உயிர் பெறும் காயிலும் கன்டென்சரும் பெட்ரோல் கோளாறு போலவே வேஷம் போடும்.

அழுத்தமும் அளவும்

மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தம் மிகக் குறைவு, பொதுவாக 3 முதல் 6 பிஎஸ்ஐ, அதாவது 0.2 முதல் 0.4 பார். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் டி வடிவ இணைப்புப் போட்டு கேஜ் மாட்டினால் தெரிந்துவிடும். கேஜ் 4 காட்டுகிறது, பம்ப் நல்ல பம்ப் என்று முடிவு கட்டுவதில்தான் தவறு நடக்கிறது.

சிறிய கார் ஸ்லோவில் நிற்கும்போது மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல்தான் கேட்கும். நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 15, 20 மில்லி. அதே கார் முழு சுமையோடு மேடு ஏறும்போது மணிக்கு 15 லிட்டருக்கு மேல் கேட்கும், நிமிடத்துக்குக் கால் லிட்டர். பாதிக்கு மேல் அடைத்த ஃபில்டர்கூட முதல் தேவையை அலட்டாமல் கொடுத்துவிடும். நீடில் வால்வு பெரும்பாலும் மூடியே இருப்பதால், குழாயில் அழுத்தம் மெல்ல ஏறி கேஜில் அழகாகத் தெரியும். அழுத்தம் சரி, அளவு இல்லை என்பது இதுதான்.

கார்புரேட்டர் தொட்டி இதில் இன்னொரு குழப்பம் செய்கிறது. சிறிய கார்களில் அது 50, 60 மில்லி பிடிக்கும். அது தீரும்வரை இன்ஜினுக்கு வரத்துக் குறைவு தெரியாது. வீட்டு வாசலில் நின்று ரேஸ் கொடுத்துப் பார்த்தால் வண்டி சிங்கம் மாதிரி உறுமும். மேட்டில் பத்து, பதினைந்து விநாடி முழு மிதி மிதித்த பிறகுதான் தொட்டி வற்றித் திணறல் தொடங்கும். ‘நின்ற இடத்தில் ஒன்றுமில்லை, மேட்டில் மட்டும் இழுக்கவில்லை’ என்ற புகாரின் உட்பொருள் பெரும்பாலும் இதுவே.

ஆகவே அளந்து பாருங்கள். கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடி ஜாடிக்குள் விடுங்கள். ஒருவர் ஹோஸையும் ஜாடியையும் பிடிக்க, காயிலின் மெல்லிய ஒயர் பிடுங்கிய நிலையில் இன்னொருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். 15 விநாடி அடித்து, செல்ஃப் மோட்டாரைச் சற்று ஆறவிட்டு, மறுபடி 15 விநாடி. பல கார்களின் கையேடுகள் 30 விநாடிக்கு அரை லிட்டர் அளவில் கேட்கின்றன. சிறிய இன்ஜின்களுக்குக் குறைவாகவும் இருக்கும், உங்கள் காரின் கையேட்டு எண்ணே கடைசி வார்த்தை. பெட்ரோல் துடித்துத் துடித்து, ஒவ்வொரு துடிப்பும் கனமாக வர வேண்டும்.

ஜாடியை உடனே கொட்டிவிடாதீர்கள். மூடி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் செம்பழுப்புப் பொடி படிந்தால் டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. அடியில் பாதரச மணி போல உருண்டு திரியும் துளிகள் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து கலங்கலான தனி அடுக்காக அடியில் இறங்கியிருக்கும். பெட்ரோல் வாசத்துக்குப் பதிலாக வார்னிஷ் வாசம் அடித்தால் அது மாதக்கணக்கில் கிடந்த பழைய சரக்கு. பிடிக்கும்போது காற்றுக்குமிழிகள் விடாமல் வந்ததா என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவு குறைந்தால்

இப்போது வழியை இரண்டாக வெட்டுங்கள். பம்பின் உள்வாயில் இருக்கும் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, அந்த வாயில் புதிய ஹோஸ் ஒன்றை மாட்டி, மறுமுனையைப் பெட்ரோல் உள்ள கேனுக்குள் விடுங்கள். அதே 30 விநாடிச் சோதனை. கையேட்டு அளவு வந்தால் பம்ப் குற்றமற்றது; கோளாறு பம்புக்கு முன்னால், டேங்க் பக்கம். வராவிட்டால் பம்ப்தான், அல்லது அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள ஃபில்டர். இந்த ஒரு வெட்டு பாதி வேலையை முடித்துவிடும்.

பம்ப் பக்கம் என்றால் முதலில் அந்த ஃபில்டர். பிறகு பம்பின் உள்வாயில் விரலை வைத்து அடைத்து செல்ஃப் அடித்தால் விரலை இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுவை விட்டுவிட்டால் உள் வால்வுகளில் தூசி, அல்லது டயாஃப்ரம் கிழிசல். டயாஃப்ரம் கிழிந்ததை ஆயில் குச்சியும் காட்டிக்கொடுக்கும். ஆயில் மட்டம் கூடியிருந்து, குச்சியில் பெட்ரோல் வாசம் வந்தால் பம்ப் இன்ஜினுக்குள் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கலாம். அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டக் கூடாது, பேரிங் போய்விடும். புதுப் பம்ப் போட்டும் அளவு வராவிட்டால், பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் எத்தனை கேஸ்கெட் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதிகம் போட்டால் நெம்புகோல் கேமிலிருந்து விலகி, முழு வீச்சு கிடைக்காது.

டேங்க் பக்கம் என்றால் மூடியிலிருந்து தொடங்குங்கள். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். காற்றுத் துளை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். இருபது, முப்பது நிமிடம் ஓடிய பிறகு திணறல் தொடங்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும், வண்டியும் உடனே சரியாகும். காற்று வெளியே வருவது வேறு. வெயிலில் நின்ற டேங்கில் அது இயல்பு. சில கார்களில் காற்று மூடி வழியாக அல்லாமல் தனிக் குழாய் வழியாக வரும், அதையும் பாருங்கள். பழைய மூடிக்குப் பதில் துளையில்லாத மூடியை யாரோ மாட்டியிருப்பதும் உண்டு.

அடுத்து ஹோஸ்கள். ரப்பரை மடக்கிப் பாருங்கள்; வெடிப்பு தெரிந்தால் அதன் கதை முடிந்தது. வெளியே புதிதுபோல இருந்தாலும் உள்சுவர் ஊதி, துளை சுருங்கியிருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இப்படித்தான் தின்கிறது. மாற்றும்போது எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று மேலே அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள். அதன் உள்பூச்சு எத்தனாலைத் தாங்கும். துண்டு துண்டாக மாற்றுவது வேலையைத் தள்ளிப்போடுவது மட்டுமே. ஒரே வயதுள்ள ஹோஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும்.

பிறகு உலோகக் குழாயும் டேங்க் வலையும். டேங்க் மூடியைத் திறந்துவைத்து, பம்ப் பக்கம் கழற்றிய குழாயில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடியுங்கள். வழியில் ஃபில்டர் இருந்தால் முதலில் அதை விலக்கிவிடுங்கள். டேங்குக்குள் குமிழி கொப்பளிக்கும் சத்தம் கேட்க வேண்டும். முதலில் தடுத்து, பிறகு திடீரென விட்டுக்கொடுத்தால் வலையில் குப்பை. வண்டி இப்போது நன்றாக ஓடும், ஆனால் குப்பை டேங்கிலேயே இருக்கிறது. சில நாளில் திரும்பி வலையை மூடும். நின்றால் குப்பை விலகி, ஓடினால் ஒட்டிக்கொள்வதால்தான் பத்து நிமிடம் நின்ற வண்டி தானாகச் சரியாகிறது. டேங்கை இறக்கிக் கழுவுவது தவிர இதற்கு வேறு வழியில்லை.

விசித்திரமான ஒன்று: டேங்க் பாதிக்கு மேல் இருக்கும்வரை வண்டி குறையில்லாமல் ஓடி, கால் டேங்குக்கு வந்ததும் பெட்ரோல் தீர்ந்த மாதிரி நிற்பது. உறிஞ்சுகுழாயின் நடுவில் துருவால் ஊசித்துளை விழுந்திருக்கும். பெட்ரோல் மட்டம் அந்தத் துளைக்குக் கீழே இறங்கியதும் பம்ப் காற்றைக் குடிக்கிறது.

கண்ணாடி போன்ற ஃபில்டர் பாதி காலியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பல கார்களில் அது எப்போதுமே அப்படித்தான் இருக்கும். அதற்குள் குமிழிகள் ஓயாமல் ஓடினால் மட்டும் உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழையும் இடத்தைத் தேடுங்கள்.

சூடும் பெட்ரோலும்

பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரி அருகிலேயே கொதிக்கத் தொடங்கும். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால் அதற்கும் முன்பே கொதிக்கும். இன்ஜின் சூட்டில் குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொள்வதுதான் வேப்பர் லாக். பம்ப் ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும், பெட்ரோல் நகராது. நெடுந்தூரம் ஓடி, நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துக் கிளப்பும்போது வருவது இதன் வழக்கம். ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுச் சில நிமிடத்தில் கிளம்பினால் சந்தேகம் உறுதி. புகைக்குழாயை ஒட்டிப் போகும் பெட்ரோல் குழாயை நகர்த்துவதும், கழற்றித் தூர எறிந்துவிட்ட வெப்பத்தடுப்புத் தகட்டைத் திரும்ப மாட்டுவதும்தான் நிரந்தர மருந்து. உறிஞ்சும் பக்க அடைப்பும் அழுத்தத்தை மேலும் குறைத்து வேப்பர் லாக்கை வரவழைக்கும். அடைத்த ஃபில்டரை மாற்றியதும் ‘சூட்டுக் கோளாறு’ மறைவதற்குக் காரணம் அதுவே.

பெட்ரோல் மிஞ்சுவதும் வரத்துக் கோளாறுதான். கறுப்புப் புகை, ஈர பிளக், கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ எல்லாம் நீடில் வால்வில் தூசி அல்லது ஓட்டை மிதவையின் அடையாளம். மிதவையைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் மாற்ற வேண்டியதுதான். மெக்கானிக்கல் பம்பை எடுத்துவிட்டு அழுத்தம் அதிகமான எலக்ட்ரிக் பம்ப் மாட்டிய கார்களில், 7 பிஎஸ்ஐ தாண்டினால் நீடில் வால்வு மூடியும் தாங்காது.

இன்ஜெக்ஷன் உள்ள பழைய கார்

பாதை அதேதான், எண்கள்தான் வேறு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள வண்டிகளில் அழுத்தம் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 பார், 1970களில் வந்த கே-ஜெட்ரானிக் வகையில் 5 பார் அருகே. இந்த அழுத்தத்தில் ஹோஸைக் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். கே-ஜெட்ரானிக்கில் அதற்குப் பிறகும் அழுத்தம் தேங்கியிருக்கும். துணியைச் சுற்றி இணைப்பை மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

பல வண்டிகளில் சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் இரண்டு விநாடி ‘கூஊ’ என்ற முனகல் கேட்கும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோதலில் கரண்டை வெட்டும் சுவிட்ச் உள்ள வண்டியில் அந்த சுவிட்ச் என்ற வரிசையில் போங்கள். ரப்பர் சுத்தியலால் டேங்க் அடியில் லேசாகத் தட்டியதும் பம்ப் ஓடத் தொடங்கினால், கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. வீடு போய்ச் சேரலாம், அவ்வளவுதான். பம்ப் ஓடும்போதே அதன் முனைகளில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றவாளி பம்ப் அல்ல, அரித்த இணைப்போ எர்த் ஒயரோ.

கேஜை மாட்டி, இன்ஜினை அணைத்து, அழுத்தம் நிற்கிறதா பாருங்கள். ஐந்து நிமிடத்தில் சரசரவென்று இறங்கினால் பம்பின் உள் வால்வு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், ஒழுகும் இன்ஜெக்டர் மூன்றில் ஒன்று. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்பும் வண்டிகளின் நோய் இது. ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது.

எந்தக் கோளாறாக இருந்தாலும், எல்லாம் மாட்டி முடித்த பிறகு இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, டார்ச்சோடு ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். புது ஹோஸ் சூடாகி இளகியதும் கிளாம்ப் கொஞ்சம் தளரும். ஆறிய பின் இன்னொரு அரைத் திருகு கொடுக்க வேண்டியிருக்கும். மறுநாள் காலை பானெட்டைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் சாவியைப் போடுங்கள்.